நாலு விடைத்தாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

புவியியல் துறையில் புதிதாக ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறைத்தலைவர் போனில் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். ஓய்வுபெற்ற பிறகு ஒரு பொங்கலுக்குக்கூடக் கூப்பிட்டு நல்லா இருக்கீங்களா என்று கேட்காதவர்கள், இப்போது மட்டும் ஏன் கூப்பிடுகிறார்கள்? ஏதோ ஆய்வுக்குழு வருகிறது, கோப்பில் வைக்கக் காகிதம் வேண்டும், அதற்குத்தான் என்று நினைத்தேன். நேராகவே கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே, "ஆமா மேடம், குழு ஒண்ணு வருது" என்று ஒத்துக்கொண்டார். என் மூக்கு இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பாடம் எப்படி நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களுக்குப் பயிற்சி வகுப்பு, சான்றிதழ், பவர்பாயிண்ட் எல்லாம் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரு வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நடந்தது. என் பணிக்காலத்தில் நான் மறந்துவிட விரும்புகிற இரண்டு நாட்கள் அவைதான். மறக்க முடியவில்லை. அதனால் உங்கள் தலையில் கட்டுகிறேன்.

பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் சி.பி.ஐ. நான் வராண்டாவில் வந்தால், "ஏலே, சி.பி.ஐ. வருது" என்று கிசுகிசுப்பார்கள். அது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். சும்மா வந்த பெயரா அது? ஒரு தேர்வில் ஒரு பையன் தண்ணீர் பாட்டிலின் லேபிளை நைசாக உரித்து, உள்பக்கம் அமெரிக்க மாகாணங்களையும் தலைநகரங்களையும் பொடிப்பொடியாக எழுதி, மறுபடி ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். அரை மணி நேரமாகப் பாட்டிலையே பார்க்கிறான், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் பக்கத்தில் போய், "தம்பி, தாகமா இருக்கு, அந்தத் தண்ணியக் கொஞ்சம் குடு" என்றேன். அவன் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இப்படி நாலு பேரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், அப்புறம் எல்லாப் பாட்டிலும் கள்ளப் பாட்டிலாகத்தான் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு பேராசிரியர் இருந்தார். தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். விடைத்தாள் திருத்துவதற்கு ஒரு விதி சொல்வார். "ரெண்டு பேர் சரியான விடையை ஒரே மாதிரி எழுதினா அது சாட்சி இல்லம்மா. ரெண்டு பேரும் படிச்சிருக்கலாம். ஒரே தப்பை ரெண்டு பேர் எழுதினா விடாதே. தப்பை யாரும் படிச்சிட்டு வரமாட்டான்." கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நானும் இத்தனை வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம். வயல்காரக் குடும்பம், வீட்டில் சைவம். தூத்துக்குடியில் வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸில்தான் போய்வந்தேன். துறைமுகத்துக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், கப்பலைக் காட்டியிருக்கிறேன். ஆனால் மீன் மார்க்கெட் இருக்கிற திசையில் காலை வைத்ததில்லை. பஸ்ஸில் மீன்கூடை ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எங்கள் வீட்டில் "கடற்கரை ஆட்கள்" என்று ஒரு மாதிரிக் குரலில் சொல்வார்கள். அந்தக் குரல் எனக்குள்ளும் இருந்தது. அதுவும் இந்தக் கதையில் ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நடத்தியது வட அமெரிக்கப் புவியியல். மூன்றாம் ஆண்டுக் கடைசி செமஸ்டர். அந்தப் பாடத்துக்கென்று நானே ஒரு சொற்கோவை தயாரித்து வைத்திருந்தேன். முன்பாதி இயற்கைப் புவியியல்: பனியாறு, பெருஞ்சமவெளி, கண்டத்திட்டு, நீரோட்டம். பின்பாதி மானிடப் புவியியல்: குடிபெயர்வு, மக்கள் அடர்த்தி, புறநகர், முதல்நிலைத் தொழில். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வரி விளக்கம். ஒவ்வொரு வருஷமும் சொல்லச்சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அதை அப்படியே தேர்வில் எழுதுவார்கள், நான் மதிப்பெண் போடுவேன். அறுபது பேர் என் மூன்று வரியைக் காற்புள்ளி மாறாமல் எழுதினால், நல்ல வகுப்பு என்று சந்தோஷப்படுவேன். அறுபது பேர் ஒரே மாதிரி எழுதுகிறார்களே என்று ஒருநாளாவது எனக்குச் சந்தேகம் வந்ததா? வரவில்லை.

அந்த வியாழக்கிழமை திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி இது: நியூஃபவுண்ட்லாந்துக் கரையோர மக்களின் முதல்நிலைத் தொழில் பற்றிச் சிறு குறிப்பு வரைக. கனடாவின் கிழக்கே கடலுக்குள் இருக்கிற பெரிய தீவு அது. என் விடையில் ஆழம் குறைந்த கண்டத்திட்டு, குளிர் நீரோட்டமும் வெப்ப நீரோட்டமும் சந்திப்பது, அதனால் மீன் பெருகுவது, இவ்வளவுதான். எல்லோரும் இதையே எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. "இம்மக்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்வதில்லை."

இது என்ன கூத்து என்று சிவப்பு மையில் பெருக்கல்குறி போட்டேன். என் குறிப்பில் இல்லை. பாடப்புத்தகத்தில் இல்லை. பத்துத் தாள் தள்ளி இன்னொன்று. "ஞாயிறு அன்று வலை விடமாட்டார்கள்." எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மிச்சத்தைத் திருத்தாமல் அந்த ஒரு விடையை மட்டும் கட்டு முழுக்கப் புரட்டினேன். மொத்தம் நாலு. ஒரே தப்பு, நாலு தாள்! பதிவெண்ணை வைத்துத் துறைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு பெண், மூன்று பையன்கள். நாலு பேருக்கும் ஒரே ஊர், திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஆலந்தலை.

உட்கார்ந்த இடம் எது என்று பார்த்தால், இரண்டு பேர் மாடி ஹாலில், ஒருவன் கீழே, அந்தப் பெண் வேறு கட்டடத்திலேயே இருந்திருக்கிறாள். நிதானம் உள்ள ஆளாக இருந்தால் அங்கேயே நின்று யோசித்திருப்பாள். எனக்கோ சந்தேகம் பெரிதாகத்தான் ஆயிற்று. ஹால் வேறு வேறு என்றால் போன். போன் என்றால் வாட்ஸ்அப் குரூப். குரூப் என்றால் வெளியிலிருந்து யாரோ விடை அனுப்பியிருக்கிறான், அந்த மடையன் தப்பாக அனுப்பியிருக்கிறான். பத்து நிமிஷத்தில் ஒரு பெரிய சதியை முழுசாகக் கண்டுபிடித்துவிட்டேன். கெட்டிக்காரத்தனமாக வேறு இருந்தது.

நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன். ஒருவர் வெளியே போனதும் அடுத்தவரோடு பேசிவிடக் கூடாது என்று கதவுக்கு வெளியே ஆள் நிறுத்தினேன். பையன்கள் மூன்று பேரிடமும் ஒரே கேள்வி. "இந்த வரியை உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம்."

"அப்பம் எப்படி எழுதுன?"

"எங்க ஊர்ல வந்து..."

"உங்க ஊர்க் கதையைக் கேக்கவா கூப்பிட்டேன்? கேள்வி கனடாவைப் பத்தி. யாரு அனுப்புனதுன்னு மட்டும் சொல்லு."

மூன்று பேரும் "எங்க ஊர்ல" என்றுதான் ஆரம்பித்தார்கள். மூன்று பேரையும் அந்த இடத்திலேயே நிறுத்தினேன். மூன்று பேரும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறார்களே, சொல்லிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அதையும் ஒரு சாட்சியாகக் குறித்துக்கொண்டேன்.

கடைசியாக அந்தப் பெண் வந்தாள். ஜெனிட்டா என்று பெயர். வகுப்பில் நடுவரிசை, கேட்டால் மட்டும் பேசுவாள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் திட்டத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். சேரும்போது பட்டப்படிப்பு முடித்த மதிப்பெண் பட்டியலைக் கொடுக்க வேண்டும். காப்பி அடித்தாள் என்று நான் எழுதிக் கொடுத்தால் அந்த செமஸ்டர் முழுக்க ரத்து, மறுபடி எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், வேலையும் போய்விடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உண்மையைச் சொல்லிட்டேன்னா உன் வேலைய நான் காப்பாத்தலாம்" என்றேன். போலீஸ் ஸ்டேஷனில் பேசுகிற பேச்சு. எங்கே கற்றேனோ.

"நான் காப்பி அடிக்கல மேடம்."

"அப்பம் ஞாயித்துக்கெழமைன்னு எழுதுனியே, அது எங்கிருந்து வந்துச்சு?"

அவள் என்னை நேராகப் பார்த்து, "அங்க ஞாயித்துக்கெழம போவாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரியாது. அந்தத் தீவில் மக்கள் என்றைக்குக் கடலுக்குப் போவார்கள், என்றைக்குச் சும்மா இருப்பார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததே கிடையாது. முதல்நிலைத் தொழில் என்ற சொல்தான் தெரியும். தெரியாததற்குத்தான் சிவப்பு மையில் பெருக்கல்குறி போட்டிருக்கிறேன். அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எதுத்தா கேக்க? நாளைக்கு உங்கப்பாவைக் கூட்டிட்டு வா."

அவள் முகம் அப்போதுதான் மாறியது. "ஞாயித்துக்கெழம வரச் சொல்லட்டுமா மேடம்? மத்த நாள்..."

"ஞாயித்துக்கெழம காலேஜ் பூட்டிக் கெடக்கும்னு தெரிஞ்சுதானே சொல்லுத? நாளைக்கு வரணும். இல்லன்னா எழுதி அனுப்பிருவேன்."

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றதற்குப் பையன்களும் அதே ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்லியிருந்தார்கள். அறிக்கையில் அதையும் சேர்த்தேன். "பெற்றோரை அழைத்துவருவதைத் தட்டிக்கழித்தனர்." எழுதி முடித்தபோது ஒரு குறையும் இல்லாத அறிக்கையாக இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் தேர்வுக் கன்ட்ரோலர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மறுநாள் காலை துறைக்கு டீ கொண்டுவந்தது இசக்கியம்மாள். அலுவலக உதவியாளர், என் வயதுதான். நான் அவளிடம் எரிச்சலோடு புலம்பினேன்.

"பாரு இசக்கி, ஆலந்தலைப் பிள்ளைய நாலும் சேந்து என்னைய ஏமாத்தப் பாக்குதுவ. அப்பாவைக் கூட்டிட்டு வாங்கன்னா ஒத்த வாயா ஞாயித்துக்கெழமைங்குதுவ. அன்னைக்கு இங்கன யாரு இருக்கா?"

"வேற என்னைக்கு மேடம் வருவாவ? மத்த நாளெல்லாம் கடல்ல கெடப்பாவல்லா."

"ஞாயித்துக்கெழம மட்டும் கடலு லீவு விடுதாக்கும்?"

இசக்கியம்மாள் டீத் தட்டை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆமா மேடம். ஞாயித்துக்கெழம கடலுக்குப் போகமாட்டாவ. மாதா கோயிலுக்குப் போவாவ. இந்தக் கரை பூரா அப்படித்தான். இது தெரியாதா ஒங்களுக்கு? திங்கக்கெழம மார்க்கெட்டுல நல்ல மீனே வராது. எங்க வீட்டுல அன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு, இல்லன்னா முட்ட. அட, நீங்கதான் சைவமாச்சே!" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு தாளையும் எடுத்து மறுபடி படித்தேன். நேற்றுப் படித்தேனே, அது படிப்பு இல்லை. நேற்று நான் தேடினேன், அவ்வளவுதான். இப்போது பார்த்தால் நாலு பேருடைய நடையும் வேறு வேறு. ஒரு பையன், திட்டின் நடுவில் வலை விடுவதைவிட ஓரத்தில் விட்டால்தான் மீன் கிடைக்கும் என்று எழுதியிருந்தான். இன்னொருவன் காற்று மாறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தான். ஜெனிட்டா இன்னும் ஒரு படி மேலே போயிருந்தாள். இங்கே முத்துக்குளித்த பார்களை, அந்தக் கடலடிப் பாறைத்திட்டுகளைப் போல அங்கேயும் கடலடி மேடிட்டு இருப்பதுதான் கண்டத்திட்டின் அந்தப் பகுதி என்று எழுதியிருந்தாள். என் மூன்று வரியில் இல்லாத விளக்கம் அது. அதற்கும் நான் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தேன்.

கரையோரத்து மக்கள், மீன் பிடிப்பவர்கள் என்று படித்ததும், அவர்களும் தங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்தானே என்று நாலு பேரும் தங்கள் அப்பாவைத்தான் நினைத்திருக்கிறார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார் என்றால் அந்த ஊர் அப்பாக்களும் போகமாட்டார்கள். இதை எழுத எதற்கு வாட்ஸ்அப் குரூப்? பிறகு தேடிப் படித்தபோது, அந்தத் தீவிலும் பழைய நாளில் பல ஊர்களில் ஞாயிறு வலை போடாத வழக்கம் இருந்ததாகத் தெரிந்துகொண்டேன். அது பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் முட்டாள்தனம் மட்டும்தான். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அறிக்கையை எடுத்து நாலாகக் கிழித்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தெரிந்ததே, தப்பித்தோம் என்று ஒரு பெருமூச்சும் விட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன், அந்தப் பெருமூச்சுதான் அன்றைக்கு நான் செய்ததிலேயே மட்டமான காரியம். யார் தப்பித்தது?

கிழித்த காகிதம் மேஜையில் கிடக்கும்போதே வாசலில் ஜெனிட்டா நின்றாள். பக்கத்தில் அவள் அப்பா. வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, செருப்பை வெளியே கழற்றிவிட்டிருந்தார். அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நான் வரும் முன்பிருந்தே மரத்தடியில் நின்றிருக்கிறார். இசக்கியம்மாள்தான் பார்த்து மேலே அனுப்பியிருக்கிறாள்.

"உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கிடுங்க மேடம்" என்று ஆரம்பித்தார். "நான் பிள்ளைய சரியா வளக்கல. நான் பாதி நாளு கடல்ல கெடக்கேன். என்ன படிக்கா, யாரோட பேசுதா, எனக்கு ஒண்ணும் தெரியல. காப்பி அடிக்கலன்னு அழுதா. நான் நம்பல மேடம். மேடம் படிச்சவுக, அவுக எதுக்குப் பொய் சொல்லப்போறாவன்னு கேட்டேன். நீங்க என்ன தண்டன குடுத்தாலும் சரி. வேல மட்டும் போயிராம பாத்துக்கிடுங்க. அதுக்காகத்தான் வந்தேன்."

நான் வாழ்நாள் முழுக்க யாரையும் நம்பியதில்லை. இந்த மனிதர் என்னை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெற்ற மகளை விட்டுவிட்டு என்னை நம்பியிருக்கிறார். ஜெனிட்டா அவருக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. பல்வலியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

எழுந்து நின்றேன். "உங்க மக காப்பி அடிக்கல. தப்பு என் பேர்ல. நான்தான் தெரியாம சந்தேகப்பட்டுட்டேன். அவ எழுதுனது அவளோட சொந்த அறிவு. மத்தப் பிள்ளைகளும் அப்படித்தான். வேலைக்கு ஒரு குறையும் வராது" என்று சொன்னேன். இதைச் சொல்லிவிட்டால் அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். நன்றி சொல்வார் என்றுகூட நினைத்தேன். வெட்கங்கெட்ட மனசு.

அவர் முகம் மலரவில்லை. என்னையும் மேஜையில் கிடந்த காகிதத்தையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்பம், நேத்து நான் பிள்ளைய அடிச்சது மேடம்?"

கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும், நான் சொல்வேன் என்று நினைத்துத்தான் கேட்டார். அறிக்கையைக் கிழிக்கலாம், பெருக்கல்குறியை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போடலாம். இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஜெனிட்டாதான் அவர் கையைப் பிடித்தாள். "விடுங்கப்பா. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூட்டிக்கொண்டு போனாள். அவர் படியில் இறங்கும்போது செருப்பை மாட்ட மறந்துவிட்டார். அவள்தான் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் காப்பி அடிப்பார்கள். சந்தேகப்படுங்கள், அது உங்கள் வேலை. ஆனால் ஒரு பிள்ளை "எங்க ஊர்ல" என்று ஆரம்பித்தால் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டில் உங்கள் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அங்கே உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஜெனிட்டா பாஸ் செய்தாள். சொன்ன தேதியில் வேலைக்கும் சேர்ந்தாள். சில மாதம் கழித்துச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வந்தபோது என் அறைக்கும் வந்து எட்டிப்பார்த்தாள். தீவு, படகு, பாறை என்று வேலையைப் பற்றி நன்றாகத்தான் பேசினாள். எனக்கு மனசு லேசானது. தைரியம் வந்து, "அப்பா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்காவ மேடம்" என்றாள். கிளம்பும்போது வாசலில் திரும்பிச் சொன்னாள். "அன்னையிலேருந்து எங்கூட நிமிந்து பேசமாட்டேங்காவ. வெக்கப்படுதாவ."